பகிர்ந்தவரும் முடித்துவைத்தவரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம். மேடையில் திரையிட்ட படங்களும் நிறைவில் நடந்த கேள்வி–பதிலும் இங்கே சேர்க்கப்படவில்லை.)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ அவர் ஒரு நாளிதழுக்குத் தாலுகா அளவில் பகுதிநேர நிருபராக இருந்தவர். அவரோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆனால் அந்தத் தலைமுறை நிருபர்களை அறிவேன். பகலில் பாத்திரக் கடையோ பள்ளிக்கூட வேலையோ பார்ப்பார்கள். மாலையில் இரண்டு பக்கம் எழுதிக் கவரில் போட்டு, மாவட்டத் தலைநகருக்குப் போகும் கடைசிப் பேருந்தின் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். வருமானம் சொற்பம். செய்தி பிசகினால் மறுநாள் டீக்கடையில் உட்கார முடியாது. அந்த டீக்கடை பயம்தான் அவர்களுடைய இதழியல் பாடத்திட்டம்.

சமூக ஊடகமும் குடிமக்கள் இதழியலும் பற்றிப் பேச அழைத்தீர்கள். இந்தத் தலைப்பில் இரண்டு விதமான உரைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, கைபேசி வந்தது, மக்களுக்குக் குரல் வந்தது என்ற மங்கலப் பாட்டு. மற்றொன்று, வாட்ஸப் வந்தது, நாடு கெட்டது என்ற ஒப்பாரி. இரண்டிலும் உண்மை உண்டு என்பதாலேயே இரண்டையும் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே. சமூக ஊடகத்தில் வரும் ஒரு கோரிக்கையோ செய்தியோ ஊருக்குப் பயன்பட வேண்டுமானால், அதைச் சரிபார்க்கவும், நேரம் குறிக்கவும், காரியம் ஆனதும் ‘முடிந்தது’ என்று எழுதவும் ஓர் ஆள் வேண்டும். பகிர்கிறவர்கள் இலட்சம் பேர் இருக்கலாம். அந்த ஓர் ஆள் இல்லையென்றால் இலட்சமும் இரைச்சல்தான். இதைச் சில நிகழ்வுகளைக் கொண்டு விளக்குகிறேன்.

1

முதலில் ஒரு சிறு வரலாறு. குடிமக்கள் இதழியல் என்றதும் ஆசிரியர் குழு இல்லாத, யாரும் எதையும் எழுதிவிடலாம் என்ற ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் தென்கொரியாவின் ‘ஓமைநியூஸ்’ அப்படித் தொடங்கவில்லை. ஓ யோன்-ஹோ 2000 பிப்ரவரியில் 727 குடிமக்கள் நிருபர்களோடு அதைத் தொடங்கினார். குடிமக்கள் ஒவ்வொருவரும் செய்தியாளரே என்பது அதன் முழக்கம். இல்லத்தரசிகளும் மாணவர்களும் கடைக்காரர்களும் எழுதினார்கள். எழுதியவர்கள் சொந்தப் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். வந்த செய்திகளைச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் படித்துப் பார்த்தார்கள். வாசலை அகலமாகத் திறந்துவிட்டு, வாசலில் ஆளையும் வைத்தார்கள்.

நம் நாட்டில் 2002 முதல் வரும் ‘கபர் லஹரியா’வும் அப்படியே. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடப் பகுதியில், பெரும்பாலும் தலித் பெண்கள் சேர்ந்து புந்தேலி மொழியில் தொடங்கிய ஏடு அது. பிறகு கைபேசிக் காணொளிக்கு மாறியது. ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் வழியாக உலகம் அவர்களை அறிந்தது. கையில் கைபேசியோடு அந்தப் பெண்கள் நிற்கும் படத்தைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரே ஊருக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை போய், ‘போன தடவை சொன்ன சாலை என்ன ஆயிற்று’ என்று கேட்பதே அவர்கள் செய்யும் பெரிய காரியம்.

2

சென்னை வெள்ளத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட, அடையாறு கரை கொள்ளாமல் ஊருக்குள் வந்தது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றின் போக்கிலேயே ஒவ்வொன்றாக மூழ்கின. மின்சாரம் இல்லை. பல இடங்களில் சிக்னலும் இல்லை. 1878 முதல் வரும் ‘தி இந்து’ நாளிதழ், ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகம் போய்ச் சேர முடியாததால், டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மாநகரின் செய்தி ஏற்பாடே தடுமாறிய அந்த நாளில், கையில் எஞ்சியிருந்தது சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்த கைபேசி.

அன்று சுற்றிய செய்திகளின் வார்ப்பில் ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன். “அவசரம்!! முடிச்சூர் ரோடு, பள்ளிக்கூடம் பின்புறம், 2-வது தெரு. தரைத்தளம் மூழ்கிவிட்டது. மொட்டை மாடியில் 11 பேர். ஒரு கர்ப்பிணி, ஒரு கைக்குழந்தை. சாப்பாடு இல்லை. படகு தேவை. உடனே அதிகம் ஷேர் செய்யவும்.”

இதில் இல்லாதவை என்ன? எழுதியவர் யார் என்று இல்லை. மாடியில் இருப்பவரா, அவருடைய துபாய் மைத்துனரா, மைத்துனரின் நண்பரா தெரியாது. திரும்ப அழைக்க எண் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நாளும் மணியும் இல்லை. ‘உடனே’ என்ற சொல் எத்தனை முறை கைமாறினாலும் புதிதாகவே இருக்கும். டிசம்பர் 2 காலையில் எழுதிய ‘உடனே’ 4-ஆம் தேதி இரவிலும் ‘உடனே’தான். அந்த 11 பேரும் இதற்குள் பல்லாவரத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். செய்தி மட்டும் மொட்டை மாடியிலேயே நிற்கும். காலாவதியான முகவரிகளைத் தேடிப் படகுகளும் சாப்பாட்டு வண்டிகளும் போய்த் திரும்பியது அந்த வாரத்தின் பெரிய வேதனை.

இந்தக் குழப்பத்தை ஓரளவு ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்கள் கூகுள் விரிதாளோடு உட்கார்ந்த தன்னார்வலர்கள். தங்க இடம் தரத் தயாராக இருந்த வீடுகள், சாப்பாடு தரும் இடங்கள், மீட்பு வேண்டுவோர் என்று தனித்தனிப் பட்டியல்கள் உருவாயின. அவை ‘சென்னைரெயின்ஸ்’ இணையதளமாகத் திரண்டன. வேலை செய்தவர்களில் பலர் சென்னையில் இல்லை. பெங்களூரிலும் கடல் கடந்தும் இருந்தார்கள். அதுவே வசதியாகிவிட்டது, ஏனென்றால் அவர்களிடம் மின்சாரம் இருந்தது. வேலை என்ன? பட்டியலின் ஒரு வரியை எடுப்பது, அதிலுள்ள எண்ணுக்குப் போன் போடுவது. ‘எடுக்கவில்லை’ என்று நேரத்தோடு எழுதுவது. மறுபடி போடுவது. ‘ஸ்விட்ச்டு ஆஃப்’ என்று எழுதுவது. பிறகு ஒரு நேரத்தில் யாரோ எடுத்து, ‘வந்துட்டாங்க சார், நாங்க பத்திரமா இருக்கோம்’ என்று சொல்ல, அந்த வரியை மூடுவது. அந்த வரி மூடப்பட்டதும் ஒரு படகு வேறு தெருவுக்குத் திரும்பலாம். இதற்கு யாரும் லைக் போடவில்லை. போட முடியாது, வெளியே தெரிந்தால்தானே!

அதே நாட்களில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தின்மேல் நீர் நிற்கும் தெருக்களை மக்களே குறிக்கும் ஏற்பாடும் வந்தது. வானிலைப் பதிவர் பிரதீப் ஜான் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எளிய நடையில் எழுதிய பதிவுகளுக்காக ஏராளமானோர் காத்திருந்தார்கள். அவர் ‘மழை வரும்’ என்று சொன்னதைவிட ‘இனி பயமில்லை, தூங்குங்கள்’ என்று சொன்னதற்கே அதிக மதிப்பு என்பது என் எண்ணம். நாசா 250 செ.மீ. மழை வரும் என்று சொல்லியிருக்கிறது, வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றெல்லாம் அதே கைபேசியில் வந்துகொண்டிருந்தபோது, ‘இல்லை’ என்று பெயர் போட்டுச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. முதலைப் பண்ணையும் ஒரு முதலையும் வெளியே போகவில்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியல்கள் துன்பத்தின் வரைபடம் ஆகா. கைபேசி வைத்திருந்தவர்களின் வரைபடம் அவை. அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள் ட்வீட் போடவில்லை. அவர்களில் பலரை மீட்டவர்கள் படகோடு வந்த மீனவர்களும் அக்கம்பக்கத்தாரும். அதற்கு மூன்று வாரம் முன்பே, நவம்பரில், கடலூர் மாவட்டம் விசூரையும் பெரியகாட்டுப்பாளையத்தையும் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்போது எத்தனை ஹேஷ்டேக் எழுந்தது? சென்னை மூழ்கிய பிறகுதான் சென்னைக்கு வந்த நிவாரண லாரிகளில் ஒரு பகுதி கடலூர்ப் பக்கம் திரும்பியது.

3

2021 மே மாதத்தை இங்கே இருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலை. படுக்கை வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், ரெம்டெசிவிர் வேண்டும் என்று ட்விட்டர் முழுவதும் கோரிக்கைகள். 2015-ஐ விட மக்கள் ஒன்று கற்றிருந்தார்கள். ‘சரிபார்க்கப்பட்டது, மாலை 4 மணி’ என்று எழுதும் வழக்கம் வந்துவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டர் தகவலின் ஆயுள் இரண்டு மணி நேரம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது தமிழ்நாடு அரசு சென்னையில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் ஒன்றைத் தொடங்கி, 104 உதவி எண்ணோடு ஒரு ட்விட்டர் கணக்கையும் திறந்தது. படுக்கை கேட்டு ஒருவர் எழுதினால், அங்கிருப்பவர்கள் பதில் போட்டு விவரம் வாங்கி, எந்த மருத்துவமனையில் இடம் என்று பார்த்துச் சொன்னார்கள். தேவை தீர்ந்ததா என்பதையும் அதே இழையில் பார்க்க முடிந்தது. எல்லோருக்கும் படுக்கை கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையாக நின்றதை நாம் பார்த்தோம். ஆனால் குடிமக்கள் திறந்த ஒரு வரியை மூடும் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது என்ற வகையில், அது தனித்துக் குறிக்க வேண்டிய நிகழ்வு. தன்னார்வலர் எத்தனை போன் போட்டாலும் படுக்கை அவர் கையில் இல்லை. கையில் வைத்திருப்பவர் பதில் போட்டால்தான் கணக்கு நேராகும்.

அதே வாரங்களில் வேறு சில மாநிலங்களில், ஆக்சிஜன் இல்லை என்று எழுதியவர்களே வதந்தி பரப்புகிறவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். ஏப்ரல் 30 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, சமூக ஊடகத்தில் உதவி கேட்பவர்கள்மேல் கை வைத்தால் அதை நீதிமன்ற அவமதிப்பாகவே கருதுவோம் என்று எச்சரித்தது.

4

இனி இதன் மறுபக்கம். 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்ற ஃபார்வர்டு வட தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. எங்கோ பிடித்த படம், எங்கோ எடுத்த காணொளி, நம் ஊர்க் குரலில் ஓர் ஆடியோ. அந்த ஆடியோதான் நஞ்சு. படத்தைச் சந்தேகிக்கிறவர்கூட, தன் ஊர்ப் பேச்சில் ஒரு பெண் பதறினால் நம்பிவிடுவார். 9-ஆம் தேதி போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், தெருவில் விளையாடிய குழந்தைகளுக்கு அந்தக் குடும்பத்து மூதாட்டி சாக்லெட் கொடுத்திருக்கிறார். அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இது. அந்த ஆடியோவைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. முடிச்சூர் மொட்டை மாடிச் செய்தியைப் பகிர்ந்தவர்களுக்கு என்ன மனநிலை இருந்ததோ அதே மனநிலைதான் இவர்களுக்கும். ‘நம்மால் ஆனதைச் செய்வோம், நாலு பேருக்குத் தெரியட்டும்.’ நல்ல மனம் இரண்டு இடத்திலும் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டு, ‘இது பொய்’ என்று சொல்லி மூடுகிற ஆள் இங்கே இல்லை. அந்த ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. வேகம் குறைந்தது. மூடுகிற ஆள் அதனால் வந்துவிடவில்லை.

2023 மார்ச்சில் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வடக்கே பரவின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் அஞ்சி ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு, ஒரு காணொளி திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று வெளிப்படையாக விளக்கினார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. தகவல் சரிபார்ப்பாளர்கள் ஒவ்வொரு காணொளியாக எடுத்து, எப்போது எங்கே எடுத்தது என்று எழுதினார்கள். இந்தியில் எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். பொய் எந்த மொழியில் போனதோ அந்த மொழியில் மறுப்பும் போக வேண்டும். தமிழில் எத்தனை அழகாக மறுத்திருந்தாலும் பீகாரின் சாப்ராவில் இருக்கும் அம்மாவுக்கு அது போய்ச் சேராது.

5

மறுப்பு எழுதுவதோடு வேலை முடிவதில்லை. ‘முடித்துவைத்தல்’ என்று நான் சொல்வதன் முழுமையான வடிவத்தை நான் கண்டது சத்தீஸ்கரில் பிறந்த ‘சிஜிநெட் ஸ்வரா’ என்ற ஏற்பாட்டில். பிபிசியில் பணியாற்றிய சுப்ரான்சு சவுத்ரி 2010-இல் அதைத் தொடங்கினார். கோண்டி பேசும் பழங்குடி மக்கள், செய்தித்தாள் வராத, இணையம் எட்டாத ஊர்கள். ஸ்மார்ட்போன் தேவையில்லை. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். செய்தி சொல்ல ஓர் எண்ணை அழுத்த வேண்டும், கேட்க வேறோர் எண். ‘எங்கள் ஊர்க் கைப்பம்பு ஆறு மாதமாக ஓடவில்லை’, ‘நூறு நாள் வேலைக்குக் கூலி வரவில்லை’ என்று பேசுவார்கள். நடுவர்கள் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அது மற்றவர் காதுக்குப் போகும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. புகார் சொல்கிறவர், சம்பந்தப்பட்ட அதிகாரியின் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார். டில்லியிலோ ராய்ப்பூரிலோ கேட்பவர்கள் அந்த அதிகாரிக்குப் போன் போட்டு, ‘இன்ன ஊர்க் கைப்பம்பு என்ன ஆயிற்று சார்’ என்று விசாரிக்கிறார்கள். இரண்டாவது, வேலை நடந்ததும் முதலில் புகார் சொன்னவரே மறுபடி அழைத்து, ‘பம்பு ஓடுகிறது, உதவியவர்களுக்கு நன்றி’ என்று பதிவு செய்கிறார். இந்த இரண்டாவது அழைப்புக்காகவே அந்த ஏற்பாட்டை மதிக்கிறேன். முதல் அழைப்பு யாருக்கும் வரும், ஆத்திரம் தானே பேசவைக்கும். காரியம் ஆன பிறகு திரும்ப அழைக்க ஆத்திரம் உதவாது. பழக்கம் வேண்டும்.

நம் குடியிருப்பு நலச்சங்கங்களின் வாட்ஸப் குரூப்பில் இதைச் செய்து பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று படம் போட்டவர்கள், எரிந்த பிறகு படம் போடுகிறார்களா? எனக்குத் தெரிந்து போடுவதில்லை. மின்வாரிய ஊழியர் இரவு வந்து சரிசெய்துவிட்டுப் போயிருப்பார். குரூப்பைப் பொறுத்தவரை அந்த விளக்கு இன்னும் எரியவில்லை.

6

போராட்டங்களுக்கு வருகிறேன். இங்கேதான் ‘ஒரு வீடியோ உலகை மாற்றியது’ என்ற கதை அதிகம் சொல்லப்படுகிறது. அதில் புகழ்பெற்றது கொடைக்கானல்.

2015 ஜூலை இறுதியில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாடல் வெளிவந்தது. நிக்கி மினாஜின் மெட்டில், பாதரசக் கழிவை விட்டுச்சென்ற யூனிலீவர் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்ட பாட்டு. மினாஜே அதைப் பகிர, சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அடுத்த மார்ச்சில், 2016-இல், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு வெளிவந்தது, எட்டு மாதத்தில் நீதி கிடைத்தது என்று வகுப்பறைகளில் சொல்லிக்கொடுக்கிறோம்.

இந்தக் கதையின் முன்பாதியைப் பாருங்கள். அந்தக் கழிவை விட்டுச்சென்ற வெப்பமானி ஆலை, அமெரிக்காவிலிருந்து பிரித்தெடுத்துக் கொண்டுவரப்பட்டு 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் அமைந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு மூட்டைகளை உள்ளூர் ஆர்வலர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தனர். எடை போட்டபோது ஏழு டன்னுக்கு மேல் இருந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2006-இல் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். யாருக்கு எத்தனை ஆண்டு வேலை, எந்தப் பிரிவில், என்ன நோய், எந்த மருத்துவர் சீட்டு என்று தாள் தாளாகச் சேர்த்தவர்கள் அவர்கள். பாட்டு வந்தபோது அந்தப் போராட்டத்துக்கு வயது 14. நிறுவனத்தின் மேலிடம் ‘என்ன இது’ என்று கேட்டபோது, மேசையில் வைக்கப் பெயர்ப்பட்டியலும் வழக்கு எண்ணும் தயாராக இருந்தன. அவை இல்லாமல் பாட்டு மட்டும் வந்திருந்தால், பத்து நாள் பேசிவிட்டு உலகம் அடுத்த பாட்டுக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. உடன்பாடு தொழிலாளர்களுக்கானது. மண் அப்படியே கிடந்தது. எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற தகராறு தொடர்ந்தது. 2018-இல் டி.எம். கிருஷ்ணாவும் சோஃபியா அஷ்ரஃபும் சேர்ந்து ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’ என்று இரண்டாவது பாட்டு வெளியிட்டார்கள். முதல் பாட்டைப் பார்த்த கூட்டம் இரண்டாவதற்கு வரவில்லை. எனக்கு இரண்டாவதே முக்கியமானதாகப் படுகிறது. கணக்கில் இன்னும் ஒரு வரி திறந்திருக்கிறது என்று, கைதட்டு குறையும் எனத் தெரிந்தே சொன்ன பாட்டு அது.

7

சரிபார்க்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் பாதுகாப்பு உண்டா என்பது அடுத்த கேள்வி. சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘எரிச்சலூட்டும்’ பதிவுக்குக்கூட ஆளைப் பிடிக்க வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் சொன்னது. அதற்கு ஏறக்குறைய இரண்டாண்டு முன்னால், 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நின்றது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். வதந்தி வாய்வழியாகவும் போகும், போனது. சரிபார்ப்பு மட்டும் இணையம் இல்லாமல் நடக்காது. மருத்துவமனையில் பிள்ளையைத் தேடிய பெற்றோருக்கு, ‘இங்கே இருக்கிறான்’ என்று சொல்லும் வழியும் அதோடு அடைபட்டது.

அரசு மட்டும் ஆபத்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2021-இல் தந்தைக்கு ஆக்சிஜன் கேட்டுத் தன் எண்ணைப் பொதுவில் போட்ட பெண்களுக்கு ஆபாச அழைப்புகள் வந்தன. ஒரு பெண் உயிர்ப் பதற்றத்தில் போட்ட எண், காரியம் முடிந்து வருடங்கள் ஆன பிறகும் யார் யார் போனிலோ கிடக்கிறது. ‘முடிந்தது’ என்று எழுதுகிற கை, அந்த எண்ணை அழிக்கவும் வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் இதழியல் துறைகளில் ட்ரோன் பறக்கவிடச் சொல்லித் தருகிறோம், ரீல்ஸ் வெட்டச் சொல்லித் தருகிறோம். முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு, பயமுறுத்தாமல் விவரம் கேட்டு, ‘உங்கள் எண்ணை எடுத்துவிட்டேன்’ என்று சொல்லி வைக்கும் பயிற்சி எந்தத் தாளில் இருக்கிறது? அரங்கில் இருக்கும் இதழியல் துறைத் தலைவர் சிரிக்கிறார். பாடத்திட்டக் குழுவில் அவரும் இருக்கிறார் என்று அறிகிறேன்.

8

கடைசியாக ஒரு வேண்டுகோள்.

2015 வெள்ளத்தின் விரிதாள்கள், 2018 நவம்பர் கஜா புயலின்போது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஊர்களுக்குத் தார்ப்பாயும் அரிசியும் கொண்டுபோனவர்கள் எழுதிய ஊர்வாரிப் பட்டியல்கள், 2021-இன் படுக்கைப் பட்டியல்கள் எல்லாம் இன்று எங்கே? சில இணைப்புகள் செத்துவிட்டன. சில, அன்றைய தன்னார்வலர்களின் பழைய லேப்டாப்பில் இருக்கும். தமிழ்நாட்டு மக்கள் தாமே எழுதிய பேரிடர் ஆவணங்கள் இவை. எந்தத் தெருவில் முதலில் நீர் வந்தது, எந்த ஊருக்கு நான்காம் நாள்வரை யாரும் போகவில்லை, எத்தனை வரிகள் மூடப்படாமலே நின்றுபோயின என்பதெல்லாம் அரசு அறிக்கையில் கிடைக்காது. வெள்ளத்தைப் பற்றிய இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்துக்கு வந்தது. ஏரி எப்போது திறந்தது, எவ்வளவு திறந்தது என்பது அதில் இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து எத்தனை மணிக்கு யார் போன் செய்தார்கள் என்பது இந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

இந்த இதழியல் துறையின் நூலகம் அவற்றைச் சேகரிக்கலாம். தருகிறவர்களிடம் எழுத்தில் இசைவு வாங்க வேண்டும். பெயர், கதவு எண், தொலைபேசி எண் மூன்றையும் நீக்கி, தெருவும் நேரமும் கோரிக்கையும் நிலையும் மட்டும் வைக்க வேண்டும். மூல நகலைப் பூட்டி வைக்க வேண்டும். பெரிய நிதி தேவைப்படாது. நான்கு மாணவர்கள், ஒரு கணினி, பொறுப்பான ஒரு நூலகர் போதும். அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் காலையில் இது பற்றிப் பேசினேன். இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு எனக்குத் தருவதாக இருந்த தொகையை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன். கோடை விடுமுறைக்குமுன் தொடங்கலாம் என்றார்கள். இந்த அரங்கில் 2015-இல் போன் போட்டவர்கள் சிலராவது இருப்பீர்கள். கூட்டம் கலைந்ததும் வெளியே நூலகர் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பார்.